வீட்டுப் பட்டறையில் புல்லட் ஃபீடர்: அளவுகள், கோளாறுகள், கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் போட்டித் துப்பாக்கிச் சுடுதலில் இறங்கியவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸைப் பொறுக்கி வந்து, புது பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பவுடரும் குண்டும் ஏற்றித் தாங்களே மறுபடி தயாரிக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருப்பது புரோகிரெசிவ் பிரஸ். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுதாக வெளியே விழும். கேஸை ஏற்றிவிட மோட்டார் வைத்த கேஸ் ஃபீடர் பல பிரஸ்களில் உண்டு. அதன்பிறகு இடது கைக்கு மிஞ்சுவது ஒரே வேலை: ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குண்டை எடுத்து கேஸ் வாயில் நிறுத்துவது. புல்லட் ஃபீடர் அந்த வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஹார்னடியும் மிஸ்டர் புல்லட்ஃபீடரும் இதை ஆயத்தமாக விற்கின்றன. வீட்டில் செய்துகொள்பவர்களும் நிறைய.

சட்டத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் சொந்தப் பயனுக்கு இப்படித் தோட்டா தயாரிக்க (ரீலோட் செய்ய) மத்திய உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதென்றால் டைப் 06 உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். கீழே வருவதெல்லாம் அமெரிக்கப் பட்டறைகளின் கதை.

ஃபீடரில் மூன்று உறுப்புகள். கொட்டிக் கிடக்கும் குண்டுகளை அடிப்பக்கம் கீழாக வரிசைப்படுத்துவது கொலேட்டர். வரிசையைக் கீழே கொண்டுவருவது குழாய். கேஸ் மேலே வரும்போது ஒன்றே ஒன்றை மட்டும் விடுவது டை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கொலேட்டரில்தான் மாதக்கணக்கில் மூழ்குகிறார்கள், ஏனென்றால் சுற்றிச் சுழன்று வேடிக்கை காட்டுவது அதுதான். ஆனால் கொலேட்டர் ஒரு குண்டைத் தவறவிட்டால் நஷ்டமில்லை, அடுத்த சுற்றில் அது திரும்ப வரும். டை தவறினால் பவுடர் சிந்தும், கேஸ் நசுங்கும், குண்டு கோணலாக உட்காரும். உழைப்பை எங்கே போடுவது என்பதை இதை வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

அதனால் டையை விலைக்கு வாங்குங்கள். கொலேட்டரை நீங்கள் செய்யுங்கள். சந்தையில் இரண்டு வகை டை கிடைக்கிறது. ஒன்றில் பிளவுபட்ட காலெட் (பிடிவளையம்) குண்டைப் பிடித்திருக்கும். கேஸின் வாய் அதை மேலே தள்ளும்போது விரிந்து குண்டை விடும். மற்றதில் சின்னச் சின்ன எஃகு உருண்டைகள் இரண்டு அடுக்காக இருக்கும். கேஸ் உள்ளுறையைத் தூக்கினால் கீழடுக்கு விலகி அடிக்குண்டை விடும், அதே நேரம் மேலடுக்கு அடுத்த குண்டை இறுக்கிப் பிடிக்கும். லேத் இல்லாமல் இதை வீட்டில் கடைவது வீண் முயற்சி. டையின் வெளி மரை வழக்கமான 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. பெரும்பாலான பிரஸ்களில் பொருந்தும்.

முதலில் குண்டை அளக்கவும்

இந்தக் குறிப்பில் உள்ள எல்லா அளவும் 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கான 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) உருண்டை மூக்குக் குண்டுக்கு. விட்டம் 9.02 மி.மீ., எடை 8 கிராம், நீளம் ஏறத்தாழ 15 மி.மீ. நீளம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 115 கிரெய்ன் குட்டையாகவும் 147 கிரெய்ன் நீளமாகவும் இருக்கும். ஆகவே நீங்கள் பெட்டி பெட்டியாக வாங்கப்போகும் குண்டு எதுவோ, அதில் இருபதை எடுத்துக் காலிப்பரில் அளந்து, நீளமானதையும் குட்டையானதையும் எழுதி வையுங்கள்.

இன்னொரு அளவும் தேவை. ஹாக்ஸா பிளேடின் முதுகில் குண்டைக் குறுக்கே படுக்கவைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். உருண்டை மூக்குக் குண்டில் அந்தப் புள்ளி நடுவில் இருக்காது, அடிப்பக்கம் தள்ளியிருக்கும். 15 மி.மீ. குண்டில் அடியிலிருந்து சுமார் 6 முதல் 6.5 மி.மீ. அடி கனம், மூக்கு லேசு. மூக்கு சரிவு, அடி தட்டை. கொலேட்டரின் மொத்த சூட்சுமமும் இந்த இரண்டு வித்தியாசங்களில் அடங்கியிருக்கிறது. குறி சரி பாதியில் விழுந்தால் அந்தக் குண்டை இந்த முறையில் திருப்புவது கடினம்.

தட்டும் சுற்றுச்சுவரும்

சுவருக்கு 8 அங்குல அலுமினியக் கேக் பாத்திரம், நேர்சுவர் உள்ளதாக, 3 அங்குல ஆழத்தில். ஐந்து கேலன் வாளியை வெட்டிப் பயன்படுத்தும் பழக்கமும் உண்டு, ஆனால் வாளி கீழே குறுகிப்போகும். தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி என்று வந்து குண்டு அதில் ஆப்படித்ததுபோல் சிக்கும். கேக் பாத்திரத்திலும் ஒரு சிக்கல்: அடி மூலை வளைந்திருக்கும், தட்டு அதன்மேல் ஏறி உரசும். அதனால் அடியை வளைவோடு வெட்டி எறிந்துவிட்டு, வளையத்தை மட்டும் மூன்று சின்ன எல்-கிளாம்ப் போட்டுத் தட்டையான தளத்தில் பொருத்துங்கள்.

தளம் 3 மி.மீ. அலுமினியத் தகடு, 23 செ.மீ. சதுரம். அதன் முதுகில் 12 மி.மீ. பிளைவுட். தகட்டின் மேல்பக்கத்தை 400-ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து மெழுகு பூசிவிட்டால் குண்டு வழுக்கிப் போகும்.

சுழலும் தட்டுக்குச் சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை போதும். 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. கனமுள்ளதை வாங்குங்கள். ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்து வளைவில்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1 மி.மீ. வளைவு இருந்தாலும் ஒரு பக்கம் தளத்தில் உரசி மோட்டார் திணறும். தட்டின் விட்டம் 201 மி.மீ. பாத்திரத்தின் உள்விட்டம் 203, ஆகவே சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி.

விளிம்பில் 20 பள்ளங்கள், 18 டிகிரிக்கு ஒன்று. ஒவ்வொரு பள்ளமும் விளிம்போரமாக 16 மி.மீ. நீளம், விளிம்பிலிருந்து உள்நோக்கி 9.6 மி.மீ. குண்டு இதில் வட்டத்தின் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். ஒன்று மூக்கு முன்னால் போகும், இல்லையென்றால் அடி முன்னால் போகும். நீளத்தில் 1 மி.மீ. கூடுதல் சரி, 3 மி.மீ. கூடுதல் என்றால் குண்டு உள்ளே கோணலாக நின்றுவிடும். ஒரு பள்ளத்துக்கு அட்டையிலோ மெல்லிய பிளைவுடிலோ அச்சு வெட்டி, அதை வைத்து ரூட்டரில் மீதியை வெட்டுங்கள். கையால் இருபது முறை வரைந்து வெட்டினால் இருபது விதமாக வரும். மேல் விளிம்புகளை 1 மி.மீ. சாய்த்து, பிசிறு முழுக்க எடுத்துவிடவும். பிளாஸ்டிக்கில் ரூட்டர் ஓடினால் நூல்போலப் பிசிறு தொங்கும், கண்ணுக்குத் தெரியாது, குண்டைப் பிடித்து நிறுத்தும்.

தட்டின் அடியில் ஒரு வட்டக் கால்வாயும் வெட்ட வேண்டும். 5 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம், மையத்திலிருந்து 95.5 மி.மீ. தூரத்தில். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு தட்டையே புதிதாகச் செய்கிறார்கள். அடுத்து வரும் நாக்கு தளத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். கால்வாய் இல்லையென்றால் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள சுவர் அதில் மோதும். 95.5 என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. சாய்ந்த தட்டின் உச்சியில் குண்டு பள்ளத்தின் உள்சுவரில் சாய்ந்துதான் கிடக்கும். கால்வாய் குண்டின் நடுக்கோட்டுக்கு நேராக அமைய வேண்டும், பள்ளத்தின் நடுக்கோட்டுக்கு அல்ல.

ஜன்னலும் நாக்கும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

கொலேட்டரைத் தரையிலிருந்து 45 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். குண்டுகள் கீழ்ப்பாதியில் குவியும். பள்ளங்கள் அவற்றுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டு மேலேறும். கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் தளத்தில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். குண்டு போகும் திசையில் 11.5 மி.மீ., குறுக்கே 11 மி.மீ. பதினொன்றிலோ ஒன்றிலோ வெட்டக் கூடாது. அங்கே பள்ளம் சரிவாக இருப்பதால் குண்டு தன் எடையில் பள்ளத்துக்குள் முன்னுக்கோ பின்னுக்கோ நழுவிக்கொண்டிருக்கும். 12-இல் மட்டும்தான் அது கிடைமட்டமாகப் போகிறது, தட்டு எந்த வேகத்தில் தள்ளுகிறதோ அதே வேகத்தில் ஜன்னலைக் கடக்கிறது. பிளைவுடில் இதற்கு நேராக 25 மி.மீ. துளை, பின்னால் ஒரு புனல்.

ஜன்னலின் தூரத்து விளிம்பில் நாக்கு. 4 மி.மீ. அகலமுள்ள பித்தளைப் பட்டை, முனை தளத்திலிருந்து 3 மி.மீ. உயரத்தில், முன்னால் சற்றுக் கீழ்நோக்கி வளைத்து வழவழப்பாகத் தேய்த்தது. அதன் வால் தளத்தில் ஒரு நீளத் துளையில் திருகால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். திருகைத் தளர்த்தி முன்னும் பின்னும் 3 மி.மீ. நகர்த்த முடிய வேண்டும். தொடக்கத்தில் நாக்கின் முனை ஜன்னலுக்குள் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். அடி முன்னால் வரும் குண்டு ஜன்னல் விளிம்பைத் தாண்டி 6 மி.மீ. போனதுமே எடை மையம் வெளியே வந்துவிடுகிறது. கனமான அடி உடனே கவிழ்ந்து கீழே இறங்குகிறது. நாக்கில் இடித்தாலும் தட்டையான முகம் அதில் ஏறாது, உரசிக்கொண்டு விழும். மூக்கு முன்னால் வரும் குண்டுக்கு எடை மையம் பின்னால் இருக்கிறது. அது விளிம்பை விட்டு வெளியே வந்து கவிழத் தொடங்கும் முன்போ தொடங்கிய கணத்திலோ, சரிவான மூக்கு நாக்கின்மேல் ஏறிவிடுகிறது. தட்டு தொடர்ந்து தள்ளுகிறது. பின்னால் வரும் அடி விளிம்பை விட்டதும் தாங்க ஒன்றுமில்லை, அடிதான் முதலில் கீழே போகிறது, மூக்கு நாக்கிலிருந்து வழுக்கி அதன் பின்னால் போகிறது. எந்தப் பக்கமாக வந்தாலும் குழாய்க்குள் அடி கீழே, மூக்கு மேலே.

நாக்கு போதுமான அளவு நீட்டவில்லையென்றால் மூக்கு முன்னால் வரும் குண்டுகள் தலைகுப்புற விழும். அதிகம் நீட்டினால் அடி முன்னால் வரும் குண்டுகள் நாக்கில் தங்கி, கவிழாமல் தாண்டிப் போய்விடும், அல்லது ஜன்னல் குறுகிப்போய் நடுவில் சிக்கும். இரண்டு தவறுகளில் தாண்டிப் போவது பரவாயில்லை. தலைகுப்புற விழுவது ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆகவே நாக்கை அரை அரை மில்லிமீட்டராக நீட்டி, தலைகுப்புற விழுவது நின்ற இடத்திலிருந்து இன்னும் கால் மி.மீ. தள்ளித் திருகை இறுக்குங்கள். கொஞ்சம் தாண்டிப் போகட்டும், விடுங்கள்.

வேகம்: குறைவாகவே

கை வேகத்தில் ஒரு புரோகிரெசிவ் பிரஸ் மணிக்கு 600 முதல் 1000 தோட்டா தரும். ஆயிரம் என்றே வைத்தாலும் நிமிடத்துக்கு 17 குண்டு போதும். 20 பள்ளமுள்ள தட்டு நிமிடத்துக்கு 4 சுற்று சுற்றினால் 80 பள்ளங்கள் ஜன்னலைக் கடக்கின்றன. பாதி காலியாக வந்தாலும் 40. தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். இதைவிட வேகமாகச் சுற்றுவதில் எந்த லாபமும் இல்லை, நஷ்டம் உண்டு. அடி முன்னால் வரும் குண்டு கவிழ்வதற்கு அதன் எடை ஒன்றே உந்து, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். 4 சுற்றில் விளிம்பு நொடிக்குச் சுமார் 40 மி.மீ. நகர்கிறது. 10 சுற்றில் 100 மி.மீ. அந்த வேகத்தில் குண்டு கவிழ நினைக்கும்போதே நாக்கைத் தாண்டிவிடும். 'சரியாக விழவில்லை, ஓடவில்லை' என்று சொல்லப்படும் கொலேட்டர்களில் பல, மோட்டாரின் வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிடும்.

12 வோல்ட் டி.சி. கியர் மோட்டார், நிமிடத்துக்கு 5 சுற்று என்று போட்டது, கூட ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. மோட்டாரைத் தட்டோடு நேராக இறுக்கிவிடக் கூடாது. அச்சில் ஒரு ஹப், தட்டுக்கு இருபுறமும் ஃபெல்ட் வாஷர், மேலே ஒரு ஸ்பிரிங், நைலாக் நட். ஒரு விரலை வைத்து அழுத்தினால் தட்டு நிற்க வேண்டும், மோட்டார் உள்ளே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். குண்டு சிக்கினால் கியர் பல் போகாமல் காப்பது நழுவிக்கொடுக்கும் இந்தக் கிளட்ச்தான்.

ஒரு நேரத்தில் 200 குண்டுக்கு மேல் கொட்டாதீர்கள். 200 குண்டு என்றால் 1.6 கிலோ. அதற்குமேல் தட்டின் கீழ்ப்பாதி புதைந்து கிளட்ச் நழுவும், குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சவாரி செய்யும். சவாரிக்காரர்களை இறக்க கடிகாரத்தில் பத்தரை இருக்கும் இடத்தில் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைத் தட்டை லேசாகத் தொடும்படி வைத்தால் போதும். இரும்பு, பிளாஸ்டிக் விலக்கிகள் குண்டை ஆப்பாக இறுக்கிவிடும். பிரஷ் வளைந்து கொடுக்கும்.

குழாயும் ஸ்விட்சும்

9 மி.மீ. குண்டுக்கு உள்விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. உள்ள கண்ணாடிபோல் தெளிவான குழாய். நெருக்கமாகத்தான் தோன்றும், அது நல்லது. உள்விட்டம் 11 என்றால் குண்டுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து குறுக்கே நிற்கத் தொடங்கும். வெட்டிய முனைகளின் உள்விளிம்பை ரீமர் போட்டுச் சாய்த்துவிடவும். குழாய் நேராக 50–60 செ.மீ. இறங்கட்டும். வளைவு தவிர்க்க முடியாவிட்டால் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. டைக்கு மேல் கடைசி 10 செ.மீ.க்கு நெருக்கமாகச் சுற்றிய இழுவை ஸ்பிரிங் வைத்தால் பிரஸ்ஸின் ஆட்டம் குழாய்க்கு ஏறாது. கொலேட்டரை பிரஸ்ஸில் பொருத்தாமல் பெஞ்சின் பின்விளிம்பில் தனிக் கம்பம் நட்டு அதில் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குழாய் நிரம்பினால் மோட்டார் நிற்க ஒரு மைக்ரோஸ்விட்ச். குழாயில் பக்கவாட்டுக் கீறல் வெட்டி, ஸ்விட்சின் நீண்ட கை அதற்குள் எட்டிப்பார்க்கும்படி வையுங்கள். விழுந்து கடக்கும் குண்டு கையை ஒரு கணம் தட்டும், மோட்டார் விக்கிவிட்டு ஓடும். அதனால் கெடுதல் இல்லை. குண்டு அங்கேயே நின்றால் மோட்டாரும் நிற்கும். கை மென்மையாக இருக்க வேண்டும். கடினமான ஸ்விட்ச் என்றால் லேசான 115 கிரெய்ன் அதன்மேலேயே உட்கார்ந்துவிடும். ஸ்விட்சை டைக்கு மேல் குறைந்தது 20 குண்டு நிற்கும் உயரத்தில் வையுங்கள். அந்த 20 குண்டின் எடைதான் அடிக்குண்டை டைக்குள் தள்ளுகிறது. ஐந்தாறு குண்டு மட்டும் நின்றால் சில சமயம் இறங்கவே இறங்காது.

மோட்டாரின் பிரஷ் பொறி விடும். அதை மூடிய பெட்டிக்குள் வையுங்கள், பவுடர் மெஷருக்கும் (பவுடரை அளந்து ஊற்றும் கருவி) பிரைமர் குழாய்க்கும் எட்ட.

பிரஸ்ஸோடு இணைக்கும் முன் கொலேட்டரைத் தனியாக ஓட்டுங்கள். நூறு குண்டைக் கொட்டி, குழாயில் இறங்குவதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். இப்படி ஐந்து நூறு. ஒன்று தலைகீழாக வந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

டையும் கேஸ் வாயும்

டையை இறக்கும் அளவைப் பலர் ஏதோ ஒரு கேஸை வைத்து முடிவு செய்கிறார்கள். பொறுக்கி வந்த 9 மி.மீ. கேஸ்கள் ஒரே நீளமாக இருப்பதில்லை. உச்ச அளவு 19.15 மி.மீ., பெரும்பாலானவை அதைவிடக் குட்டை, ஒன்றுக்கொன்று 0.2–0.3 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். நீளமானதை வைத்து டையைப் பொருத்தினால் குட்டைக் கேஸ் வரும்போது டை திறக்காது, குண்டில்லாமல் கேஸ் நகர்ந்துவிடும், உள்ளே இருந்த பவுடர் அடுத்த அதிர்வில் ஷெல் பிளேட் (கேஸ்களைத் தாங்கிச் சுழலும் பலகை) முழுக்கச் சிந்தும். இருபது கேஸை அளந்து, மிகக் குட்டையானதை எடுத்து, வாயை விரித்து, ராமை (கேஸ்களை டைக்குத் தூக்கும் தண்டு) உச்சிக்கு ஏற்றி, டையை மெல்ல இறக்குங்கள். முதல் குண்டு விழும் இடத்திலிருந்து எட்டில் ஒரு சுற்று கூடுதலாக இறக்கிப் பூட்டுங்கள். பிறகு நீளமான கேஸைப் போட்டு, இரண்டு குண்டு விழுகிறதா, வாய் மடிகிறதா என்று பாருங்கள்.

கேஸ் வாய் குண்டைத் தாங்கினால்தான் மீதியெல்லாம். கையால் வைக்கும்போது விரல் பிடித்துக்கொள்ளும், கோணலை அப்போதைக்கப்போது நிமிர்த்தும். இப்போது பிடிக்க ஆளில்லை. மணிபோல் மேல்நோக்கி விரிந்த வாய் மட்டும் போதாது, அதில் குண்டு தள்ளாடும். வாய்க்குள் சிறு படி வேண்டும்: குண்டின் விட்டத்தைவிட மயிரளவு பெரிதாக, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேர்சுவராக. படி உருவாக்கும் எக்ஸ்பாண்டர் தனியாகக் கிடைக்கிறது. பவுடர் இறங்கும் புனலாகவே சில டைகளோடு வருகிறது. சோதனை எளிது. குண்டு நிற்கும் கேஸைக் கையில் எடுத்து 45 டிகிரி சாய்த்து லேசாக ஆட்டுங்கள். விழாமல் நின்றால் சரி. அதற்காக ஒரேயடியாக விரித்துவிடவும் கூடாது. அளவுக்கு மீறி விரிந்த வாய் அடுத்த டைக்குள் போகாமல் இடிக்கும், சில முறை சுட்டபின் விளிம்பில் கீறும்.

ஷெல் பிளேட் நகரும்போது வரும் உதறலும் குண்டைச் சாய்க்கும். டில்லன் 650, 750 போன்ற பிரஸ்களில் பிளேட் ஒரே தாவலில் அடுத்த இடத்துக்குப் போய் அடித்து நிற்கும். ஹார்னடியின் ஐந்து நிலைப் பிரஸ்ஸில் பாதி நகர்வு மேலேறும்போதும் பாதி இறங்கும்போதும் நடப்பதால் உதறல் குறைவு. தாவும் பிரஸ்ஸில் பிளேட்டின் அடியிலுள்ள இண்டெக்ஸ் பந்தின் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். ராம் இறங்கும்போது கைப்பிடியின் கடைசி இரண்டு அங்குலத்தை மெதுவாக நகர்த்துவது செலவில்லாத வழி.

கண் போன இடம்

கையால் குண்டு வைப்பவர் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் தன்னையறியாமல் பார்க்கிறார். பவுடர் இல்லாத கேஸும் இரண்டு முறை விழுந்த கேஸும் அங்கேதான் பிடிபடுகின்றன. ஃபீடர் வைத்ததும் கை போகிறது, கையோடு கண்ணும் போகிறது. பவுடர் இல்லாத தோட்டாவில் பிரைமரின் உதை மட்டும் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரட்டைப் பவுடரில் துப்பாக்கியே சிதறலாம். டைட்குரூப் போன்ற அடர்த்தியான, வேகமாக எரியும் பவுடர் 9 மி.மீ. கேஸில் பாதிகூட நிரப்பாது. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். ஃபீடர் வைப்பவர்கள் கேஸைப் பெரிதும் நிரப்பும் பருமனான பவுடருக்கு மாறுவது நல்லது. இரட்டை விழுந்தால் பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும். எந்தப் பவுடர் எவ்வளவு என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள், இந்தக் குறிப்பு உட்பட.

ஐந்து நிலைப் பிரஸ்ஸில் இங்கே ஒரு பேரம் வருகிறது. ஒன்றில் சைஸிங் (கேஸைப் பழைய அளவுக்கு இறுக்குவது), இரண்டில் பிரைமரும் பவுடரும், மூன்றில் பவுடர் செக் (பவுடர் அளவைச் சரிபார்க்கும் டை), நான்கில் குண்டை அமர்த்துவது, ஐந்தில் கிரிம்ப் (கேஸ் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது). ஃபீடருக்கு இடம் எங்கே? பலர் பவுடர் செக்கைக் கழற்றி அங்கே ஃபீடரை வைக்கிறார்கள். கண்ணையும் எடுத்துவிட்டு, கண்ணுக்குப் பதிலாக இருந்ததையும் எடுத்துவிடுகிற வேலை இது. மூன்றில் பவுடர் செக் அப்படியே இருக்கட்டும். நான்கில் ஃபீடர். ஐந்தில் அமர்த்துவதையும் கிரிம்பையும் ஒரே டையில் செய்யுங்கள். 9 மி.மீ.க்கு லேசான டேப்பர் கிரிம்ப்தான் தேவை, ஒரே டையில் இரண்டும் செய்தாலும் பழுதில்லை. ஈயக் குண்டு என்றால் வாய் குண்டைச் சுரண்டாமல் இருக்க டையைக் கவனமாக அளவெடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பவுடர் குறைந்தாலோ கூடினாலோ பிரஸ்ஸையே பூட்டிவிடும் ஆர்.சி.பி.எஸ். லாக்-அவுட் டை, பீப் ஒலி எழுப்பும் வகையைவிட மேல். சத்தத்தை இரைச்சலில் தவறவிடலாம், பூட்டிய கைப்பிடியைத் தவறவிட முடியாது. கூடவே மூன்றாம் நிலைக்கு மேல் ஒரு எல்.இ.டி. விளக்கும், கேஸுக்குள் தெரியும்படி சின்னக் கண்ணாடியும்.

நான்கே நிலையுள்ள, கையால் நகர்த்தும் டில்லன் 550 போன்ற பிரஸ்ஸில் ஃபீடரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிளேட்டை நகர்த்த மறந்தால் அதே கேஸில் இரண்டாம் முறை பவுடர் விழும் பிரஸ் அது. அங்கே கண் இருந்தே ஆக வேண்டும்.

குண்டு இறங்கவில்லை, கோணலாக நிற்கிறது, சந்தேகம் என்று எது வந்தாலும் கைப்பிடியை நிறுத்தி, அந்தக் கேஸை வெளியே எடுத்து, தனி டப்பாவில் போடுங்கள். அரைகுறையாக நின்ற இழுப்பைத் திரும்ப இழுத்துச் சரிசெய்யப் போவதுதான் இரட்டைப் பவுடருக்கு நேர்வழி. குண்டு அளவுக்கு மீறி ஆழமாக இறங்கினாலும் ஆபத்து, கேஸுக்குள் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். முதல் ஐம்பதில் பத்துக்கு ஒன்று மொத்த நீளத்தை அளந்து பாருங்கள்.

எந்தக் குண்டு ஒத்துவரும்

செம்பு உறை போட்டதும், பாலிமர் பூச்சு பூசியதும் நன்றாக ஓடும். மெழுகு லூப் (மசகு) பூசிய வார்ப்பு ஈயக் குண்டு ஓடாது. லூப் தட்டிலும் குழாயிலும் டைக்குள்ளும் ஒட்டிச் சேரும், இருநூறுக்குள் எல்லாம் நின்றுபோகும். வெறும் ஈயத்தில் இன்னொரு தொல்லை, தட்டு உரசி மெல்லிய ஈயத் தூள் கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டின் எடை மையம் இன்னும் அடிக்குப் போவதால் நன்றாகக் கவிழும். ஆனால் மூக்கு மழுங்கலாக இருப்பதால் நாக்கில் ஏறத் தயங்கும். நாக்கை 2.5 மி.மீ. உயரத்துக்கு இறக்கி, முனையை இன்னும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். தட்டை மூக்குக் குண்டுக்கும் அதே சிகிச்சை. இருபுறமும் ஒரே மாதிரியான வாட்கட்டருக்கு (மூக்கு தட்டையான உருளை வடிவக் குண்டு) திருப்பும் வேலையே இல்லை, நாக்கைக் கழற்றிவிடலாம். அடியில் குழி உள்ள வாட்கட்டர் எதிர்வழக்கு. அதன் கனம் மூக்கில் இருக்கிறது, இந்தக் கொலேட்டர் அதை ஒழுங்காகத் தலைகீழாக்கி அனுப்பும்.

அளவு மாற்றும்போது தட்டு, நாக்கின் இடம், குழாய் மூன்றும் மாறும். .40 ரகக் குண்டுக்கு விட்டம் 10.16 மி.மீ., குழாய் உள்விட்டம் 7/16 அங்குலம். .45-க்கு 11.48 மி.மீ., குழாய் அரை அங்குலம், தட்டின் கனமும் அரை அங்குலம். 230 கிரெய்ன் ஒன்றே 15 கிராம், ஆகவே நூறுக்குமேல் கொட்டக் கூடாது. ஜன்னலையும் விட்டத்தைவிட இரண்டரை மி.மீ. பெரிதாக வெட்ட வேண்டும், அதனால் தளத்தகட்டையும் அளவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே சுலபம். .223 ரைஃபிள் குண்டுக்கு இந்த வேலை அவ்வளவு பொருந்தாது. 5.7 மி.மீ. விட்டத்தில் ஒல்லியாக நீண்டது, பலவற்றில் அடியும் படகுபோல் குறுகியிருப்பதால் அதுவும் நாக்கில் ஏறிவிடும். அதற்கு உள்விட்டம் கால் அங்குலக் குழாய் ஆறு எடுத்து, தொலைக்காட்சி பார்க்கும்போது கையால் அடுக்கி நிரப்பி, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை டைக்கு மேல் செருகிக்கொள்ளுங்கள்.